பிரிட்டனில் அறிமுகமாகும் கார் வேறு, தயாராகும் கார் வேறு

கேள்வி இதுதான்: “ஒரு பக்கம் பிரிட்டனில் மாதாமாதம் புது கார் அறிமுகம் என்று செய்தி வருகிறது. இன்னொரு பக்கம் ஆலை மூடல், ஆட்குறைப்பு, ஜாகுவார் கார் விற்பதையே நிறுத்திவிட்டது என்கிறார்கள். எதை நம்புவது? பிரிட்டிஷ் கார் என்று இன்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா?”

இரண்டு செய்தியும் உண்மைதான். புது கார் அறிமுகம் என்பது பிரிட்டன் என்ற சந்தையைப் பற்றிய செய்தி. ஆலை மூடல் என்பது பிரிட்டன் என்ற பட்டறையைப் பற்றிய செய்தி. சந்தைக்கு ஒன்றும் குறைவில்லை. பட்டறைதான் பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். 2025-ல் பிரிட்டனில் பதிவான புதிய கார்கள் 20 லட்சத்துக்குச் சற்று மேல். அதே ஆண்டு பிரிட்டனின் ஆலைகளிலிருந்து வெளிவந்த கார்கள் ஏறத்தாழ 7.17 லட்சம். அதிலும் பத்துக்கு எட்டு கப்பலேறி வெளிநாட்டுக்குப் போய்விடும். ஆக, ஒரு பிரிட்டன்காரர் இன்று ஷோரூமிலிருந்து ஓட்டிக்கொண்டு வரும் புது வண்டி அவர் நாட்டிலேயே செய்ததாக இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றுகூடத் தேறாது. கடந்த சில ஆண்டுகளாக அங்கே விற்பனையில் முதலிடம் ஃபோர்டு பூமாவுக்கு. அது ருமேனியாவில் தயாராகிறது. அடுத்து வருவது கியா ஸ்போர்ட்டேஜ், ஸ்லோவாக்கியாவில் செய்தது. மூன்றாவதாக வரும் நிசான் காஷ்காய்தான் பிரிட்டனிலேயே, சண்டர்லேண்டில், தயாராவது. அதுவும் ஜப்பான் நிறுவனத்தின் வண்டி.

அறிமுகச் செய்திகள் ஏன் கொத்துக் கொத்தாக வருகின்றன என்று கேட்டால், அதற்கு நம்பர் பிளேட்டும் ஒரு காரணம். அங்கே பிளேட்டிலேயே வண்டியின் வயது இருக்கும். மார்ச்சில் எண் ஒருமுறை மாறும், செப்டம்பரில் மறுபடி மாறும். 2025 மார்ச் முதல் பதிவான கார் என்றால் 25. செப்டம்பர் முதல் என்றால் அதோடு ஐம்பதைக் கூட்டி 75. 2026 மார்ச்சிலிருந்து 26. தெருவில் நிற்கிற வண்டியைப் பார்த்தே பக்கத்து வீட்டுக்காரர் அதை எந்த அரையாண்டில் எடுத்தார் என்று சொல்லிவிடலாம். அதனால் பிப்ரவரியில் புது கார் எடுக்கிறவர் குறைவு. 2025 பிப்ரவரியில் பதிவானவை 84 ஆயிரம், மார்ச்சில் 3.57 லட்சம். ஆகவே எந்தக் கம்பெனியும் தன் புது மாடலை மார்ச்சுக்குள் அல்லது செப்டம்பருக்குள் டீலர் கையில் சேர்த்துவிடத் துடிக்கும். முன்பெல்லாம் இந்த ஆரவாரம் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டிலும் பிறகு பர்மிங்ஹாமிலும் நடந்த பெரிய மோட்டார் கண்காட்சியில் அரங்கேறும். 1948 ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மோரிஸ் மைனரும் ஜாகுவார் எக்ஸ்கே120-யும் ஒன்றாக அறிமுகமாயின. அந்தச் சர்வதேசக் கண்காட்சி கடைசியாக நடந்தது 2008-ல். இப்போது குட்வுட் வேகத் திருவிழாவும் இணைய நேரலையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

பட்டறை சுருங்கிய கதை நீளம். சுருக்கமாகச் சொல்கிறேன். 1950 வாக்கில் உலகிலேயே அதிகமாகக் கார் ஏற்றுமதி செய்த நாடு பிரிட்டன். நம் அம்பாசடரே அங்கிருந்து வந்ததுதான். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் கௌலியில் தயாரான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அப்படியே வாங்கி இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை செய்துகொண்டிருந்தது. எண்ணூரின் அசோக் லேலண்டு பெயரிலுள்ள லேலண்டும் லங்காஷயரில் இருக்கும் ஊர். பிரிட்டனின் கார் உற்பத்தி 1972-ல் 19.2 லட்சத்தைத் தொட்டது. இன்றுவரை அதுதான் உச்சம். அதற்குள்ளேயே நோய் முற்றியிருந்தது. ஆஸ்டின், மோரிஸ், ரோவர், ட்ரையம்ஃப், ஜாகுவார் என்று ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்த பெயர்களை எல்லாம் 1968-ல் பிரிட்டிஷ் லேலண்டு என்ற ஒரே கூரைக்கடியில் திணித்தார்கள். கூரை ஒன்றானதே தவிர மோதல் நிற்கவில்லை. ஓயாத வேலைநிறுத்தம், தரக்குறைவு, கையில் காசில்லாமை எல்லாம் சேர்ந்து, 1975-ல் அரசே அதை ஏற்று நடத்த வேண்டிய நிலை வந்தது. 1973-ல் வந்த ஆஸ்டின் அலெக்ரோவுக்கு வட்டமும் இல்லாமல் சதுரமும் இல்லாமல் ஒரு ஸ்டீயரிங் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் திட்டிய திட்டில் இரண்டே ஆண்டில் அதை மாற்றினார்கள். அந்தக் கால நிர்வாகத்தைப் புரிந்துகொள்ள எனக்கு அந்த ஸ்டீயரிங்கே போதும்.

மிஞ்சியது கைமாறிக்கொண்டே இருந்தது. 1988-ல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ், 1994-ல் பிஎம்டபிள்யூ. 2000-ல் பிஎம்டபிள்யூ மினியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு, லேண்ட் ரோவரை ஃபோர்டுக்கு விற்றது. மீதியிருந்த ரோவரை ஓர் உள்ளூர்க் குழுவுக்குப் பத்து பவுண்டுக்குக் கொடுத்துவிட்டது. எழுத்துப்பிழை அல்ல, பத்தே பவுண்டுதான். அந்தக் கம்பெனி 2005 ஏப்ரலில் திவாலாகி, லாங்பிரிட்ஜ் ஆலையில் சுமார் 6,000 பேர் வேலையிழந்தார்கள். எம்ஜி என்ற பெயர் சீனாவுக்குப் போனது.

இதெல்லாம் பழைய கதை என்று விட்டுவிடலாம். ஆனால் 2016-ல் உற்பத்தி மறுபடி 17 லட்சத்தைத் தாண்டியது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த மீட்சியில் பெரும் பங்கு உள்ளூர்க் கம்பெனிகளுடையது அல்ல. ஜப்பான்காரர்களும், ஜெர்மானியர்களும், 2008-ல் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு வாங்கிய டாடாவும் கொண்டுவந்தது. அதில் சண்டர்லேண்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் கார் தொழில் பிழைக்குமா என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

சண்டர்லேண்ட் கப்பல் கட்டும் ஊர், நிலக்கரி ஊர். கடைசிக் கப்பல் தளம் 1988-ல் மூடப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1986-ல், ஊருக்கு வெளியே பழைய விமானத் தளம் ஒன்றில் நிசான் ஆலையைத் திறந்துவைத்தார் மார்கரெட் தாட்சர். முதலில் புளூபேர்ட், 1992 முதல் மைக்ரா, 2006 இறுதியில் காஷ்காய். ஒரே ஒரு தொழிற்சங்கத்தோடு மட்டும் ஒப்பந்தம், முதலாளியும் தொழிலாளியும் ஒரே கேண்டீனில் சாப்பாடு, குழு வேலை. பிரிட்டிஷ் லேலண்டைப் பார்த்துப் பழகிய நாட்டுக்கு இது அதிசயமாக இருந்தது. 2012-ல் ஒரே ஆண்டில் 5 லட்சத்துக்கு மேல் கார் செய்தார்கள். பிரிட்டனில் வேறெந்த ஆலையும் அதற்குமுன் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. இப்போது அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது, அது வேறு கவலை. 2016-ல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வேண்டும் என்று அந்த ஊர் 61 சதவீதம் வாக்களித்தது. அந்த ஆலையின் கார்களில் பெரும்பகுதியை வாங்குவதோ அதே ஐரோப்பா.

2025 டிசம்பரில் அங்கே மூன்றாம் தலைமுறை லீஃப் உற்பத்தி தொடங்கியது. கடந்த ஓராண்டில் பிரிட்டனில் நடந்த அறிமுகங்களில் எதை முக்கியம் என்று சொல்வாய் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பளபளப்பான வண்டி என்பதற்காக அல்ல. ஆலைக்குப் பக்கத்திலேயே ஏஇஎஸ்சி நிறுவனம் அதற்கு பேட்டரி செய்கிறது. மின்சார காரின் விலையில் மிகப் பெரிய பங்கு பேட்டரிக்குத்தான். எடையோ சில நூறு கிலோ; தொலைவிலிருந்து கொண்டுவரச் செலவு கூடும். அதோடு, பிரிட்டன் - ஐரோப்பா ஒப்பந்தப்படி, 2027-லிருந்து பேட்டரியில் பெரும்பகுதி இந்த இரண்டு இடங்களில் ஒன்றில் உருவாகியிருந்தால்தான் சுங்கத் தீர்வை இல்லாமல் எல்லை கடக்க முடியும். இல்லையென்றால் 10 சதவீதத் தீர்வை. ஆகவே பேட்டரி எங்கே தயாராகிறதோ அந்த ஊரில்தான் கார் ஆலையும் நிலைக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் மற்ற செய்திகளையும் எளிதாக எடைபோடலாம். நார்தம்பர்லேண்டில் பிளித் என்ற இடத்தில் பிரம்மாண்டமான பேட்டரி ஆலை கட்டப்போவதாகச் சொன்ன பிரிட்டிஷ்வோல்ட் 2023 ஜனவரியில் கவிழ்ந்தது. அந்த ஆண்டே டாடாவின் அக்ரதாஸ், சாமர்செட்டில் பிரிட்ஜ்வாட்டர் அருகே 400 கோடி பவுண்டு முதலீட்டில் ஆண்டுக்கு 40 கிகாவாட் மணி மின்சாரத்தைச் சேமிக்கும் அளவுக்கு பேட்டரி செய்யும் ஆலை கட்டுவதாக அறிவித்தது. கௌலியில் மின்சார மினி செய்ய 60 கோடி பவுண்டு போடுவதாகச் சொன்ன பிஎம்டபிள்யூ, 2025 பிப்ரவரியில் அதை நிறுத்திவைத்தது. பெட்ரோல் மினி இன்னும் கௌலியில்தான் தயாராகிறது. மின்சார மினி கூப்பர் சீனாவிலிருந்து வருகிறது. அதன் பின்விளக்கும் பிரிட்டிஷ் கொடி வடிவில் எரியும் என்பதுதான் வேடிக்கை.

அடுத்து, எதற்காக எல்லாரும் மின்சார காரையே அறிமுகம் செய்கிறார்கள்? வாடிக்கையாளர் கேட்டார் என்பது பாதிக் காரணம். மீதி, சட்டம். 2024 முதல் ஒவ்வொரு கம்பெனியும் தான் விற்கும் புதுக் கார்களில் இத்தனை சதவீதம் புகையே விடாததாக இருக்க வேண்டும் என்று பிரிட்டன் விதித்திருக்கிறது. 2024-ல் 22, 2025-ல் 28, 2026-ல் 33, 2030-ல் 80. குறைந்தால், குறையும் ஒவ்வொரு காருக்கும் 15,000 பவுண்டு அபராதம் என்றார்கள்; 2025 ஏப்ரலில் அதை 12,000 ஆக்கினார்கள். உண்மையில் விற்றது 2024-ல் 19.6 சதவீதம், 2025-ல் 23.4 சதவீதம். இடைவெளியைச் சட்டத்திலேயே உள்ள சந்துபொந்துகள் வழியாக அடைக்கிறார்கள். பெட்ரோல் வண்டிகளின் புகையைக் குறைத்தால் கொஞ்சம் கணக்கில் வரவாகும். அடுத்த ஆண்டுகளின் பங்கிலிருந்து கடன் வாங்கலாம். மின்சார கார் மட்டுமே விற்கிற கம்பெனியிடம் காசு கொடுத்து அதன் உபரியை வாங்கலாம். இவை எதுவும் போதாவிட்டால் தள்ளுபடிதான். 2024-ல் மட்டும் மின்சார கார்களுக்கு 450 கோடி பவுண்டுக்கு மேல் தள்ளுபடி கொடுத்ததாகத் தயாரிப்பாளர் சங்கம் புலம்பியது.

பெட்ரோல், டீசல் கார் விற்பனைக்கு எப்போது முற்றுப்புள்ளி என்பதிலேயே அரசு ஊசலாடியது. 2020-ல் போரிஸ் ஜான்சன் 2030 என்றார். 2023-ல் ரிஷி சுனக் 2035 என்று தள்ளிப்போட்டார். தொழிற்கட்சி வந்து மறுபடி 2030 என்றது, ஹைபிரிட்டுக்கு மட்டும் 2035 வரை அனுமதி. ஒரு மாடலை வரைந்து ஷோரூமுக்குக் கொண்டுவர நான்கைந்து ஆண்டு ஆகும் தொழில் இது. ஐந்தாண்டில் மூன்று தேதி சொன்னால் எவன் பணம் போடுவான்? ஐரோப்பாவிலிருந்து விலகியதைவிடவும் இந்த ஊசலாட்டம்தான் முதலீட்டாளரை அதிகம் விரட்டியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் சேர்ந்துகொண்டன. ஹோண்டா ஸ்விண்டன் ஆலையை 2021 ஜூலையில் மூடியது. வாக்ஸ்ஹால் 120 ஆண்டு குடியிருந்த லூட்டனில் வேன் ஆலை 2025 மார்ச்சில் மூடப்பட்டது. அதை மூடும் முடிவை அறிவித்தபோது தாய்க் கம்பெனி நேரடியாகக் கைகாட்டியது இந்தச் சதவீதச் சட்டத்தைத்தான்.

மின்சார கார்களில் பெரும்பகுதியை எடுப்பது தனி ஆட்கள் அல்ல, கம்பெனிகள். காரணம் வருமான வரி. நிறுவனம் ஊழியருக்குக் கொடுக்கும் காரின் விலையில் ஒரு சதவீதத்தை அவருடைய வருமானமாகக் கருதி வரி போடுவார்கள். 2025-26-ல் மின்சார காருக்கு அது 3 சதவீதம். 40,000 பவுண்டு கார் என்றால் 1,200 பவுண்டு வருமானம். 40 சதவீத வரி கட்டுபவருக்கு ஆண்டுக்கு 480 பவுண்டு வரி. அதே விலையில் 30 சதவீத வரம்பில் வரும் பெட்ரோல் கார் என்றால் 4,800 பவுண்டு. யார்தான் பெட்ரோல் கேட்பார்கள்? தனி ஆட்களை இழுக்க, 37,000 பவுண்டுக்கு மேற்படாத மின்சார கார்களுக்கு 3,750 பவுண்டு வரை மானியம் 2025 ஜூலையில் வந்தது. அந்த வருட நவம்பர் பட்ஜெட்டிலேயே, 2028 ஏப்ரல் முதல் மின்சார காருக்கு மைலுக்கு 3 பென்ஸ் வரி என்றும் அறிவித்தார்கள். இடது கையால் கொடுத்து வலது கையால் வாங்குவது.

இந்தச் சந்தையில்தான் சீனர்கள் நுழைந்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024 அக்டோபரில் சீன மின்சார கார்களுக்குக் கூடுதல் தீர்வை போட்டது. பிரிட்டன் போடவில்லை. காப்பாற்ற வேண்டிய சொந்த மலிவுக் கார் கம்பெனி எதுவும் இல்லாத நாடு என்பதை யோசித்தால் இது புரியும். 2023-ல் முதல் வண்டியை விற்ற பிஒய்டி, 2025 செப்டம்பரில் மட்டும் 11,000-க்கு மேல் விற்றது. செரி குழுமத்தின் ஜெக்கூ 7, தூரத்திலிருந்து பார்த்தால் ரேஞ்ச் ரோவர் போலவே இருக்கும். விலை அதில் ஒரு துண்டு. 2025 ஜனவரியில் வந்து, அந்த ஆண்டே தெருவெல்லாம் தென்பட ஆரம்பித்துவிட்டது. எம்ஜி-யை இவர்களோடு சேர்ப்பதா வேண்டாமா என்பது ரசனையைப் பொறுத்தது. பெயர் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தது, வண்டி சீனாவில் பிறக்கிறது.

ஜாகுவார் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். 2021-லேயே, 2025 முதல் மின்சார கார் மட்டும்தான் என்று அறிவித்துவிட்டார்கள். ஏறக்குறைய தயாராகியிருந்த மின்சார எக்ஸ்ஜே மாடலையும் அப்போதே குப்பையில் போட்டார்கள். 2024 நவம்பரில் பிரிட்டனில் புதுக் கார் விற்பனையை நிறுத்தினார்கள். அதே மாதம் ஒரு காரும் இல்லாத அந்தப் பிரபல விளம்பரம், அடுத்த மாதம் மயாமியில் டைப் 00 என்ற மாதிரி வண்டி. இனி ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் விலையுள்ள மின்சார கார் மட்டும், குறைந்த எண்ணிக்கையில். ஊர் சிரித்தது அந்த விளம்பரத்தைப் பார்த்து. எனக்கு உறுத்துவது விளம்பரம் அல்ல, இடைவெளி. டீலர் ஓராண்டுக்கு மேல் விற்க வண்டியில்லாமல் உட்கார்ந்தால், வாடிக்கையாளர் பிஎம்டபிள்யூவுக்கோ போர்ஷுக்கோ போய்ப் பழகிவிடுவார். அவரைத் திரும்ப அழைத்து வருவது லேசுப்பட்ட காரியமல்ல.

அதற்குள் அடுத்த அடி. 2025 ஆகஸ்ட் கடைசி நாளில் ஜேஎல்ஆர், அதாவது ஜாகுவார் லேண்ட் ரோவர் நிறுவனத்தின் கணினிகளுக்குள் யாரோ புகுந்தார்கள். மறுநாள் செப்டம்பர் 1, 75 என்ற புது எண் தொடங்கும் நாள். டீலர்களால் வண்டியைப் பதிவு செய்யவே முடியவில்லை. சோலிஹல், ஹேல்வுட் ஆலைகள் ஐந்து வாரம் நின்றன. உதிரிபாகம் அன்றன்றைக்கு வந்து அன்றன்றைக்கே பூட்டப்படும் ஏற்பாடு என்பதால், இங்கே லைன் நின்றால் மிட்லேண்ட்ஸ் முழுக்க நூற்றுக்கணக்கான சிறு கம்பெனிகளில் வேலை நிற்கும். அவர்களுக்குப் பணம் போய்ச் சேர அரசு 150 கோடி பவுண்டு கடனுக்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த செப்டம்பரில் நாடு முழுக்கத் தயாரான கார்கள் 51,090 மட்டுமே. 1952-க்குப் பிறகு எந்த செப்டம்பரும் அவ்வளவு மோசமாக இருந்ததில்லை. இந்த நிலையில்தான் நவம்பரில் தலைமைப் பொறுப்புக்கு வந்தார் பி. பி. பாலாஜி. சென்னை ஐஐடியில் படித்தவர், டாடா மோட்டார்ஸின் நிதித் தலைவராக இருந்தவர்.

ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி, ஆஸ்டன் மார்ட்டின், மெக்லாரன், லோட்டஸ் எல்லாம் இன்னும் பிரிட்டனில் தயாராகின்றன. ரோல்ஸ் ராய்ஸ் 2023-ல் விற்றதே உலகம் முழுக்க 6,032 கார்தான். மதிப்பு உண்டு, பெருமை உண்டு. ஒரு நாட்டின் கார் தொழிலைத் தாங்க அந்த எண்ணிக்கை போதாது. அவற்றிலும் முதல் இரண்டும் ஜெர்மானியர் கையில். லோட்டஸ் சீனாவின் ஜீலி கையில்.

இந்தியாவில் இருந்து வாங்க நினைப்பவருக்கு இதில் என்ன என்றால்: 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான இந்தியா - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தப்படி, நூறு சதவீதத்துக்கு மேல் இருந்த கார் இறக்குமதித் தீர்வை, குறிப்பிட்ட எண்ணிக்கை வரைக்கும், படிப்படியாக 10 சதவீதத்துக்கு இறங்கும். பெரிய பெட்ரோல், டீசல் வண்டிகளுக்குத் தொடக்கத்திலேயே குறைப்பு அதிகம். மின்சார கார்களுக்கு முதல் ஐந்து ஆண்டு சலுகை இல்லை. ரேஞ்ச் ரோவரும் ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்டும் 2024 முதல் புனேயிலேயே பூட்டப்படுவதால் அவற்றின் விலை ஏற்கெனவே இறங்கிவிட்டது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு டாடா 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியதும் இந்தக் கணக்கில்தான் வரும். ஆனால் டிஃபெண்டர் வாங்க நினைத்து, ஒப்பந்தம் வந்தால் விலை குறையும் என்று காத்திருக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய டிஃபெண்டர் 2016 ஜனவரியில் சோலிஹல்லில் நின்றது. புதியது தயாராவது ஸ்லோவாக்கியாவின் நித்ராவில். பிரிட்டன் ஒப்பந்தத்தின் சலுகை அதற்குக் கிடையாது. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கு.